குறட்டை அடங்கினால் மூச்சுத்தடை தீர்ந்ததா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 84 கிலோ, சட்டைக் கொலர் 17. குறட்டை பல வருடப் பழக்கம். ஆறேழு மாதமாக அந்தக் குறட்டை நடுவில் அப்படியே நின்றுபோகிறது. எண்ணிப் பார்த்தால் இருபது, சில நேரம் முப்பது வரை வருகிறது. பிறகு திடுக்கிட்டு மூச்சை இழுக்கிறார். இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார். பிரஷருக்கு மூன்று வகைக் குளிசை போட்டும் 150/95க்குக் கீழே இறங்குவதில்லை. போன மாதம் பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்துவிட்டார். டொக்டரிடம் போகலாம் என்றால், “நித்திரையில் காற்று ஊதும் மெஷினை மாட்டிவிடுவார்கள். நான் எடையைக் குறைத்து, சங்கு ஊதிப் பழகிச் சரிப்படுத்துகிறேன்” என்கிறார். இணையத்தில், தாடையைத் தூக்கிக் கட்டும் நாடிப் பட்டியும் வாயில் ஒட்டும் டேப்பும் வாங்கியிருக்கிறார். பட்டி கட்டினால் சத்தம் உண்மையிலேயே குறைகிறது. கனடாவிலுள்ள என் தம்பி, தான் பாவித்த பழைய மெஷினை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:

சகோதரி, மூன்று மாதம் பொறுக்க வேண்டாம். மூன்று கிழமைகூட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் என்னை அவசரப்படுத்துகின்றன: மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷர், ஸ்டியரிங்கில் வந்த கண்ணயர்வு. இவை இரண்டும் உள்ளவருக்கு “முதலில் நானே செய்து பார்க்கிறேன்” என்று சொல்ல அவகாசம் கிடையாது. எடை குறைப்பதையோ பயிற்சியையோ அவர் கைவிடத் தேவையில்லை. சிகிச்சையோடு சேர்த்துச் செய்யட்டும். ஆனால் முதல் வேலை, நித்திரையில் மூச்சு நின்றுபோகும் ‘மூச்சுத்தடை’ நோய்க்கான பரிசோதனை. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்று பரிசோதித்த எண் ஒன்று கையில் இல்லாவிட்டால், வீட்டில் செய்த முயற்சி பலன் தந்ததா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

நித்திரையில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியைத் திறந்து வைத்திருக்க அங்கே எலும்பு கிடையாது. தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆழ்ந்து உறங்கும்போது தசைகள் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால், அல்லது தாடை சிறியதாக இருந்தால், மூச்சை உள்ளே இழுக்கும் வேகத்திலேயே அந்தப் பாதை ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு மேலும் கீழும் போராடும், காற்று மட்டும் போகாது. இப்படிப் பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடையாக எண்ணுகிறோம். உங்கள் கணவருக்கு இருபது, முப்பது விநாடி. அதற்குள் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை அவரை உலுக்கி விழிக்க வைக்கும். தசை இறுகிப் பாதை திறக்கும். அந்தத் திடுக்கிட்ட மூச்சு வரும். விழித்தது அவருக்கு நினைவிருக்காது. அதனால்தான் “நான் நன்றாகத்தானே படுத்தேன்” என்கிறார். ஆனால் ஒவ்வொரு உலுக்கலுக்கும் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் இப்படி ஏறிய அழுத்தம் பகலிலும் இறங்க மறுக்கிறது. குளிசைக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களிடம் மூச்சுத்தடை அடிக்கடி காணப்படுவதன் காரணம் இதுதான்.

இரவில் மூன்று தடவை எழும்புவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹோர்மோனைச் சுரக்கிறது. பலர் இதைச் சீனி வருத்தம் என்றோ புரொஸ்டேட் என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மூச்சுத்தடைக்குச் சரியான சிகிச்சை தொடங்கினால், பலருக்குச் சில நாட்களிலேயே இந்த எழும்புதல் குறைந்துவிடும். மெஷினை வெறுக்கும் ஆண்களை மனம் மாற்றுவது பெரும்பாலும் இந்த ஒரு மாற்றம்தான்.

நாங்கள் கிளினிக்கில் முதலில் எட்டுக் கேள்வி கேட்போம்: பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை மற்றவர் பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், உடல் நிறைச் சுட்டெண் 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல், ஆண். மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே கவனிக்க வேண்டும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம். உங்கள் கணவரின் சுட்டெண் 30 வரைதான், அதனால் அந்த ஒன்று இல்லை. 17 கொலர் என்றால் 43 சென்ரிமீற்றர். மீதி ஏழும் அவருக்கு ‘ஆம்’. “நான் அவ்வளவு பெருத்த ஆள் இல்லையே” என்று அவர் சொல்லக்கூடும். ஆசியர்களுக்கு முக எலும்பின் அமைப்பினால் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது; 84 கிலோ இதற்குத் தாராளமாகப் போதும்.

இனி நாடிப் பட்டி. சத்தம் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்த வரி அதுதான். குறட்டை என்பது பாதை பாதி திறந்திருக்கும்போது தசைகள் அதிரும் சத்தம். பாதை முழுவதும் மூடினால் சத்தமே இராது. ஆகவே சத்தம் குறைந்தால் பாதை திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பட்டி வாயை மூடி வைக்கிறது. அடைப்பு இருப்பது அதற்குக் கீழே, நாக்கின் பின்புறத்தில். பட்டி மட்டும் கட்டி மூச்சுத்தடையை அளந்து பார்த்தால் எண்ணிக்கையில் மாற்றம் தெரிவதில்லை. பட்டி கட்டியதால் நடந்த ஒரே விஷயம், நீங்கள் விழித்துக்கொள்ளாமல் போனதுதான். இதுவரை அவருக்கு இருந்த ஒரே எச்சரிக்கை மணி உங்கள் காது. வாயில் ஒட்டும் டேப்பை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். மூக்கு அடைத்தவர், மது அருந்தியவர், வாந்தி வரக்கூடியவர் வாயை ஒட்டிக்கொண்டு படுத்தால் உயிருக்கே ஆபத்து.

எடை குறைப்பதைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், உடல் எடை பத்து வீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடையின் எண்ணிக்கை ஏறக்குறைய 26 வீதம் குறைந்தது. உங்கள் கணவருக்குப் பத்து வீதம் என்றால் எட்டரைக் கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ என்ற நல்ல வேகத்தில் குறைத்தாலே நான்கு மாதம் ஆகும். அவருக்கு இப்போது மணிக்கு 40 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேர நித்திரையில் 280. எட்டரைக் கிலோ குறைத்த பிறகும் மணிக்கு 30 வரை, இரவுக்கு 200க்கு மேல். அதுவும் கடும் நிலையின் விளிம்புதான். அந்த நான்கு மாதமும் அவர் காலி வீதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு: சரியாக உறங்காதவருக்குப் பசி கூடும், நடக்கவும் மனம் வராது. சிகிச்சையோடு உறங்கத் தொடங்கினால் எடை குறைப்பதற்கான உடற்பயிற்சி எளிதாகும். கடை பூட்டி வந்து ஒன்பதரைக்குச் சோறோ கொத்தோ சாப்பிட்டு உடனே படுக்கிற வழக்கம் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். இரவுச் சாப்பாட்டைக் கடையிலேயே ஏழு மணிக்கு முடித்து, வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீயும் குடிக்காமல் இருந்தால், எடைக்கும் நெஞ்செரிவுக்கும் இரண்டுக்கும் நல்லது.

சங்கு ஊதுவதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு ஆதாரம் உண்டு. 2025இல் ஜெய்ப்பூரில் நடுத்தர நிலை மூச்சுத்தடை உள்ள 30 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஆறு மாதம், கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்குக் குறைந்தது 15 நிமிடம் சங்கு ஊதியவர்களுக்கு மணிக்கு நான்கைந்து தடைகள் குறைந்தன; பகல் தூக்கமும் குறைந்தது. தொண்டைத் தசை வலுப்பெறுவதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் மணிக்கு நாற்பதில் நான்கைந்து கழிந்தால் எவ்வளவு மீதி என்று அவரையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அத்துடன் 150/95 அழுத்தத்தோடு மூச்சை அடக்கி ஊதுவது நல்லதல்ல. பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு, வைத்தியரிடம் கேட்டு ஆரம்பிக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் இன்றிரவே தொடங்க வேண்டியது பக்கவாட்டில் படுப்பது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். சிலருக்கு மல்லாந்து படுக்கும்போது வரும் தடைகள், பக்கவாட்டில் படுக்கும்போது வருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இது பெரிய உதவி. டெனிஸ் பந்தை முதுகில் தைக்கும் பழைய வழி பலருக்குச் சரிவராது: பந்து நகர்ந்துவிடும், முதுகு வலிக்கும், நடுச்சாமத்தில் பனியனையே கழற்றி எறிந்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சிறிய முதுகுப்பைக்குள் ஒரு தேங்காய்ப்பூத் துவாயை இறுக்கமாகச் சுருட்டி வைத்து, பட்டிகளை நன்றாக இறுக்கி மாட்டிக்கொண்டு படுக்கட்டும். உருள முடியாது, குத்தவும் செய்யாது. தலையணையின் உயரம், பக்கவாட்டில் படுக்கும்போது காதுக்கும் தோளின் வெளி விளிம்புக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். தலையணைகளை அடுக்கித் தலையை மட்டும் தூக்குவது தவறு. கழுத்து முன்னால் மடிந்து பாதை இன்னும் ஒடுங்கும். உயர்த்த வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குல மரக்கட்டைகள் வையுங்கள்.

மது அருந்துபவராக இருந்தால், படுப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். மது தொண்டைத் தசையைத் தளர்த்துவதோடு மூளை உலுக்கி எழுப்பும் நேரத்தையும் தள்ளிப்போடுகிறது. நித்திரைக் குளிசைகளும் அப்படியே. தூக்கம் தரும் தடிமன் குளிசைகளையும் தவிர்ப்பது நல்லது. நீண்ட நாளாக நித்திரைக் குளிசை எடுப்பவர் திடீரென்று நிறுத்தக்கூடாது, எழுதித் தந்தவரிடம் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் உப்புத் தண்ணீரால் கழுவலாம். கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலக்கினால் போதும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விட வேண்டாம். பார்மசியில் கிடைக்கும் மூக்கடைப்புத் துளிகளை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மூக்கைத் திறப்பதால் மட்டும் இந்த நோய் தீருவது அரிது. ஆனால் பிறகு மெஷின் பாவிப்பதற்கு அது பெரிய வசதி.

இந்த வீட்டு முறைகள் மட்டுமே போதுமானவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனையில் மணிக்கு 5 முதல் 15 வரையான லேசான நிலை, பகலில் தூக்கம் இல்லை, பிரஷரும் இதய நோயும் இல்லை என்றால், எடை, படுக்கும் முறை, மது என்று மூன்று மாதம் முயன்று பார்த்து மறுபடி பரிசோதிக்கலாம். மறுபடி பரிசோதிப்பது கட்டாயம். 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. உங்கள் கணவர் முதல் வகையில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டு, போனில் வீடியோ எடுங்கள். விடியற்காலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் எடுப்பது நல்லது. கனவு நித்திரை அந்த நேரத்தில்தான் அதிகம், தசைத் தளர்ச்சியும் அப்போதுதான் உச்சம். போர்வையை நெஞ்சிலிருந்து விலக்கி, வாயும் நெஞ்சும் வயிறும் ஒரே சட்டத்தில் விழும்படி போனை வையுங்கள். ஃபான் சத்தம் மூச்சொலியை மூடிவிடும், பத்து நிமிடத்துக்கு அதைக் குறைத்துவிடுங்கள். காற்று நின்றிருக்கும்போது நெஞ்சும் வயிறும் போராடுகின்றனவா, அல்லது அவையும் அசையாமல் கிடக்கின்றனவா என்பதை வைத்தியர் அதில் பார்ப்பார். அசையாமல் கிடந்தால் அது மூளையிலிருந்து கட்டளை வராத வேறு வகை. இதயம் பலவீனமானவர்களுக்கும் சில வலுவான வலிநிவாரணிகள் எடுப்பவர்களுக்கும் அது வரும், சிகிச்சையும் வேறு.

அந்த வீடியோவோடு, அவர் பிரஷருக்குப் போகும் கிளினிக்கின் அடுத்த திகதிக்குக் காத்திராமல், போய் ஒரு கடிதம் வாங்குங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலை, வெலிசறை சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை ஆகியவற்றில் சுவாச நோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். தனியாரிடம் என்றால் சுவாச நோய் நிபுணரையோ காது மூக்கு தொண்டை நிபுணரையோ சனல் பண்ணலாம். என் கருத்தில் பிரஷர் அடங்காத இவருக்கு முதலில் சுவாச நோய் நிபுணரே பொருத்தம். “குறட்டைக்கு வந்தோம்” என்று மட்டும் சொன்னால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். “மூச்சு நிற்பதை நான் பார்த்தேன், மூன்று குளிசையிலும் பிரஷர் 150/95, வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டார்” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தைரொயிட், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு), ஈசிஜி மூன்றையும் அவர்களே கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் நினைவூட்டலாம்.

பரிசோதனை இரண்டு விதம். ஒன்று, வைத்தியசாலையில் ஓரிரவு படுத்து மூளை அலை, கண், நெஞ்சு, கால், ஒட்சிசன் எல்லாம் பதிவது. மற்றது, மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப் என்று சிறிய கருவியை வீட்டுக்குத் தந்துவிடுவது. இவரைப்போல அறிகுறி தெளிவாக உள்ளவர்களுக்கு வீட்டுக் கருவி பெரும்பாலும் போதும். ஆனால் அது எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக்கூடியது. படுத்தபடி விழித்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுத்துவிடும். அதனால் வீட்டுச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் இவரை அதோடு விட்டுவிடக் கூடாது, வைத்தியசாலைச் சோதனை கேளுங்கள். விரலில் போடும் ஒட்சிசன் கருவியை விழித்திருக்கும்போது மாட்டி 97 காட்டுகிறது என்று ஆறுதல் அடைவதில் பயனில்லை. கைக்கடிகாரங்கள் ஒரு சந்தேகத்தைத் தரலாம், முடிவைத் தரமாட்டா. சோதனை நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், தலையில் ஒட்டும் வயர்கள் வழுக்கி விழும். மத்தியானத்துக்குப் பிறகு தேநீர், கோப்பி வேண்டாம். வழக்கமான குளிசைகளை நிறுத்தக் கூடாது. முடிவு வந்ததும் ‘இருக்கிறது, இல்லை’ என்பதோடு திருப்திப்படாமல் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்: மணிக்கு எத்தனை தடை, மிகக் குறைந்த ஒட்சிசன் எவ்வளவு, 90 வீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம், மல்லாந்து எத்தனை, பக்கவாட்டில் எத்தனை. பிறகு எடை குறைந்ததும் ஒப்பிட இதுதான் அளவுகோல்.

தம்பியின் பழைய மெஷின்: சோதனை முடியுமட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தேவையான காற்றழுத்தம் வேறு. 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம் வரை அது மாறும். தம்பிக்கு 8இல் வைத்தது இவருக்கு 13 தேவைப்படலாம். குறைந்தால் அடைப்புத் திறக்காது. கூடினால் காற்று கசியும், வயிறு ஊதும், ஒரே இரவில் “இது எனக்குச் சரிவராது” என்று தூக்கிப்போட்டுவிடுவார். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. தம்பியிடம் இருப்பது அந்த வரிசையா என்று கீழே ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்று உறுதியானால், அழுத்தத்தைத் தானே சரிசெய்யும் வகையாக இருந்தால், நிபுணர் பார்த்து அமைத்துத் தரச் சம்மதித்தால் பாவிக்கலாம், செலவும் மிச்சம். அப்போதும் முகமூடி, குழாய், வடிகட்டி மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். மின் அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 110 மட்டும் என்றிருந்தால் இங்கே சொருகியதும் எரிந்துபோகும்.

மெஷின் என்றதும் அவர் பயப்படுவது விளங்குகிறது. அது ஒட்சிசன் தருவதில்லை, அவருக்காக மூச்சு விடுவதுமில்லை. அறையில் இருக்கும் காற்றையே மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, ஒட்டிக்கொள்ளும் பாதையை உள்ளிருந்து விரித்து வைக்கிறது, அவ்வளவுதான். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் இந்த முறையை வெளியிடும் வரை, கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே நம்பகமான வழியாக இருந்தது.

முதல் இரண்டு கிழமையில்தான் பலர் கைவிடுகிறார்கள். அதனால் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். முதல் மூன்று நாள் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது முகமூடியைப் போட்டு அரை மணி நேரம் இருக்கட்டும், படுக்கைக்கு அதன் பிறகு கொண்டுபோகலாம். முகமூடியைக் கடையில் உட்கார்ந்தபடி தெரிவு செய்யாமல், படுத்து, காற்றை ஓடவிட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும். படுத்தால் முகத்தின் அமைப்பே மாறுகிறது. கசிகிறது என்று வாரை இறுக்கிக்கொண்டே போனால் மூக்குத் தண்டில் புண் வரும், கசிவும் கூடும். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி, முகமூடியை முகத்திலிருந்து கொஞ்சம் இழுத்து விட்டு, காற்றில் அது தானாக உட்காரவிடுங்கள். படுக்கும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். எண்ணெய்ப் பசை, கிறீம் இருந்தால் சிலிக்கோன் வழுக்கும். காலையில் வாய் உலர்ந்து ஒட்டினால் வாயால் கசிகிறது என்று அர்த்தம். வாயையும் மூடும் முகமூடி தேவைப்படலாம். நாடிப் பட்டிக்கு உள்ள ஒரே நியாயமான இடம் இங்கேதான், மெஷினோடு சேர்த்து.

எங்கள் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஏசி போடாத அறையில் மெஷினின் ஈரப்பத்தொட்டி பலருக்குத் தேவைப்படாது. ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் குளுகுளுவென்று சத்தம் போட்டால், குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வையுங்கள். தொட்டிக்கு வடித்தெடுத்த தூய நீர் மட்டும். கடைகளில் விற்கும் பற்றரி வோட்டர் வேண்டாம், அது மூச்சுக்காகத் தயாரித்ததல்ல. நாளும் காலையில் மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, முகமூடியின் மெத்தைப் பகுதியை மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குழாயைக் கிழமைக்கு ஒருமுறை. கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்று பலரும் கேட்கிறார்கள். முகமூடிகளில் காற்று வெளியேறும் துளைகள் உண்டு, வாயையும் மூடும் வகையில் தனி வால்வும் உண்டு. அவர் விழித்துக் கழற்றிவிடுவார்.

இரவு முழுவதும் போட வேண்டும். நடுச்சாமம் இரண்டு மணிக்குக் கழற்றிவிடுபவர்கள், நோய் மிக மோசமாக இருக்கும் விடியற்கால நேரத்தைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடுகிறார்கள். மெஷினின் திரையில் மீதித் தடைகள் மணிக்கு ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். பல நாள் அதற்கு மேலே காட்டினால் அழுத்தத்தையோ கசிவையோ பார்க்க வேண்டும். பிரஷர் மளமளவென்று இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும், இவரைப்போல அடங்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். குளிசைகளை அவராக நிறுத்தவே கூடாது. மெஷினை எவ்வளவு முயன்றும் ஏற்க முடியாதவர்களுக்கு, கீழ்த்தாடையை முன்னுக்கு நகர்த்தி வைக்கும் கருவியைப் பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து தருவார். லேசான, நடுத்தர நிலைக்கு அது நல்லது. வெந்நீரில் போட்டுக் கடித்துச் செய்யும் இணையக் கருவி அதற்கு ஈடாகாது. எடை குறைக்கும் ஊசிகளில் டேர்செபட்டைட்டை, உடற்பருமனும் நடுத்தர அல்லது கடும் மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. அதை நிபுணரின் மேற்பார்வையில்லாமல் எங்கிருந்தும் வாங்கிக் குத்த வேண்டாம்.

சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் போனது உறுதியாகும் வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜன்னலைத் திறந்து வைப்பதோ, பாட்டுப் போடுவதோ, கோப்பி குடிப்பதோ சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போனால் கடை நடக்கும் தூரத்தில்தான். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அதுவும் நல்லது. நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, எழுப்பியும் தெளியாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். காலையில் தலைவலியோடு எழும்பிக் குழம்பிப் பேசினாலோ, கால் வீங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். பகலிலும் கரியமிலவாயு தேங்குகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வீட்டில் ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் மாட்டிவிடுவது நிலைமையை மோசமாக்கும். இதற்கிடையில் பல் பிடுங்குவதற்கோ ஹேர்னியாவுக்கோ மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், சோதனை இன்னும் முடியாவிட்டாலும், “நித்திரையில் மூச்சு நிற்கிறது” என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.